ஒரு மணி அடித்தால் போதும்

நவம்பர் 2, வியாழன். இறந்தோர் நினைவு நாள்

இன்று மதியம் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: நான், என் கணவர் ஃபெர்மின், மகள் நியெவெஸ் (வயிற்றில் இருப்பதையும் சேர்த்தால் இரண்டு பேர்), ஃபெர்மினின் தங்கை பெனிஞ்ஞா, அமெரிக்கப் பெண் தெரேசா. வேறு யாரும் இல்லை. பெனிஞ்ஞா நாளைக்குக் கதையை மாற்றிச் சொல்லக்கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். நான் அந்தப் பெண்ணிடம் கேட்ட உதவி எல்லோர் காதிலும் விழுந்தது. ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவள் பெயர் பல்கலைக்கழக அலுவலகம் கொடுத்த தாளில் டெஸ்ஸா. அப்படி ஒரு புனிதரை நான் அறியேன். வந்த அன்றே தெரேசா ஆக்கிவிட்டேன். செப்டம்பரிலிருந்து எங்கள் நடு அறையில் தங்கி இங்கே சலமங்கா பல்கலைக்கழகத்தில் நம் ஸ்பானிய மொழி படிக்கிறாள். லூத்தரன் சபைக்காரி, நம் கத்தோலிக்கச் சபை இல்லை. ஆனாலும் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பாள். நாளை இரண்டு தோழிகளோடு ரோமாபுரி போகிறாள். ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவாளாம். ரோமாபுரியை வார இறுதியில் பார்த்துவிட்டு வருகிற காலம்! நான் மாட்ரிட்டைத் தாண்டியதில்லை.

கேட்டது இவ்வளவுதான். சின்ன வயதில் நான் முதல் நன்மை (நற்கருணை) வாங்கியபோது கொடுத்த செபமாலையைக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தேன். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் பாப்பரசர் சன்னல்ல வந்து மூவேளை செபம் சொல்லுவாரு. கடைசியில ஆசீர் கொடுக்கறப்போ இத நல்லா தூக்கிப் பிடி, போதும்." நியெவெஸுக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. இது மூன்றாவது. பிரசவத்தின்போது அவள் கையில் இது இருக்கவேண்டும்.

"அம்மா, அவ ஊர் சுத்தப் போறா, உன் வேண்டுதலத் தூக்கிட்டுப் போகவா?" என்றாள் நியெவெஸ். அது வேண்டாம் என்று சொன்னதாகாது.

தெரேசா சிரித்தாள். "தூக்குறேன் ரெமே. ரெண்டு கையாலயும் தூக்குறேன்." என்னை அவள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

பிறகு ஃபோன் விஷயம் சொல்லிக் கொடுத்தேன். போய்ச் சேர்ந்ததும் எனக்குக் கூப்பிட்டு, ஒரு மணி அடித்ததும் வெட்டிவிட வேண்டும். நான் எடுக்கமாட்டேன். எடுத்தால்தான் காசு. மிஸ்டு கால் வந்தால் நலம் என்று அர்த்தம். இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்ததுதான், அவளுக்குப் புதிது. "எங்க ஊர்ல மணி அடிச்சா எடுப்பாங்க" என்றாள்.

"எங்க அண்ணிகிட்ட ஃபோன் இருக்கறது அலங்காரத்துக்கு" என்றாள் பெனிஞ்ஞா.

ஃபோன் அட்டை: போன மாதமும் காசு போடத் தேவைப்படவில்லை.

நவம்பர் 3, வெள்ளி

சாயங்காலம் ஃபோன் ஒரே ஒரு மணி அடித்தது. வெட்டினாள். சேர்ந்துவிட்டாள். ஆண்டவருக்குத் தோத்திரம். நல்ல மாணவி.

நவம்பர் 4, சனி

காலையில் ஒன்று, படுக்கும்முன் ஒன்று. நான் கேட்காமலே இரண்டு! மழை. கொண்டைக்கடலை ஊறப்போட்டேன்.

நவம்பர் 5, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு ஓட்டமாக வந்தேன். தொலைக்காட்சியில் ரோமாபுரிச் சதுக்கத்தைக் காட்டினார்கள். அத்தனை கூட்டத்தில் அவளை எங்கே தேடுவது? சிவப்புத் தொப்பியோடுதான் போனாள்; அப்படித் தொப்பி போட்ட எல்லோரும் தெரேசா மாதிரியே இருந்தார்கள். பாப்பரசர் கை தூக்கியபோது நானும் அடுப்படியிலேயே முழங்காலில் விழுந்தேன். "இங்கயே கிடைச்சிருச்சே ஆசீர், அவ்வளவு தூரம் எதுக்கு அனுப்பின?" என்றார் ஃபெர்மின். தொலைக்காட்சி வழியாகச் செபமாலைக்குச் சேராது என்று பங்குச் சாமியார் ஒருமுறை சொன்னதை அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

கொண்டைக்கடலையும் இறைச்சியும் போட்ட கொசிதோவைப் பரிமாறிக்கொண்டிருந்தபோது என் ஃபோன் அடித்தது. திரையில் தெரேசா. ஒரு மணி, இரண்டு, மூன்று... நிற்கவே இல்லை.

"எடும்மா" என்றார் ஃபெர்மின்.

"எடுத்தா அந்தப் பொண்ணு காசு போகும். வெளிநாடு வேற. ஆசீர் வாங்கியாச்சுன்னு சொல்றா, அவ்வளவுதான். சந்தோஷத்துல வெட்ட மறந்துட்டா."

நின்றது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவையும். எங்கள் மேசையே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெனிஞ்ஞா ரொட்டியைக் கிழித்தபடி, "எடுக்கறதுக்கே இல்லன்னா ஒரு சேவல் வாங்கி வெச்சுக்கோ அண்ணி, அதுவும் கூவும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பாருங்கள், சொந்தத் தாய்க்குக் கூப்பிடாமல் எனக்குக் கூப்பிடுகிறாள் என்று.

இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. மாட்ரிட் பேருந்து தாமதமாக இருக்கும். சூப்பை மூடி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 6, திங்கள்

கட்டில் விரித்தது விரித்தபடி. சூப் அப்படியே.

காலையில் கதவைத் தட்டியது அவளுடைய தோழி ப்ரூக். முகமெல்லாம் வீங்கி இருந்தது. "டெஸ்ஸா வந்துட்டாளா?" என்றாள். அந்தக் கேள்வியை நான் அல்லவா கேட்கவேண்டும்!

நடந்தது இது: ஞாயிறு காலை மற்ற இருவரும் சந்தைக்குப் போயிருக்கிறார்கள். தெரேசா மட்டும் தனியாகச் சதுக்கத்துக்குப் போயிருக்கிறாள். என் செபமாலைக்காக. பிற்பகல் ரயில் நிலையத்தில் சந்திப்பதாகப் பேச்சு. அவள் வரவில்லை. விமானம் போய்விடும் என்று இவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

"விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"எங்க ஃபோன்ல காசு தீந்துபோச்சு ஆன்ட்டி. ஏதாவதுன்னா உங்களுக்குத்தான கூப்பிடுவா? நீங்க பாத்துக்குவீங்கன்னு..."

எனக்குக் கூப்பிட்டாள். ஆமாம்.

ஃபெர்மின் என் ஃபோனை வாங்கிப் பார்த்தார். தெரேசா, தெரேசா, தெரேசா. மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு மாடத்துக்குப் போய் நின்றுகொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

நான் கூப்பிட்டேன். அணைந்து கிடக்கிறதாம். மறுபடி. மறுபடி. காசைப் பற்றி நினைக்கவே இல்லை, இப்போது நினைத்து என்ன? அலுவலகத்துக்கு ஓடினேன், ஃபெர்மினும் கூட வந்தார். அவர்கள் ரோமாபுரிக் காவல் துறைக்கு எழுதியிருக்கிறார்களாம், அவள் பெற்றோருக்கும் சொல்லிவிட்டார்களாம். "கடைசியா அவ யார்கூடப் பேசினா?" என்று கேட்டாள் அங்கிருந்த பெண். யாருடனும் பேசவில்லை. கடைசியாகக் கூப்பிட்டது என்னை. அதை ஃபெர்மின்தான் சொன்னார்.

கோடி அற்புதரே, அந்தோனியாரே. தொலைந்த சாவிக்கும் கண்ணாடிக்கும் உம்மைத் தொந்தரவு செய்திருக்கிறேன். அதெல்லாம் போகட்டும். இது ஒரு பெண் பிள்ளை. பத்தொன்பது வயது. சிவப்புத் தொப்பி.

அந்தச் சிரிப்பு... ஏன் சிரித்தேன்? மூன்று தடவை அடித்தால் நலம் என்று எந்த ஊரில் அர்த்தம்?

கூப்பிடு. எடுக்கிறேன். மடியிலேயே வைத்திருக்கிறேன்.

நவம்பர் 7, செவ்வாய்

இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். அலுவலகத்திலிருந்து சொன்னார்கள்.

சதுக்கத்திலிருந்து திரும்பும் பேருந்தில் நெரிசலில் கைப்பையை அறுத்துவிட்டார்கள். கடவுச்சீட்டு, பணம், பயணச்சீட்டு எல்லாம் போனது. சட்டைப்பையில் இருந்த ஃபோன் மட்டும் மிச்சம். என்னை மூன்று தடவை கூப்பிட்டதும் அதுவும் உயிரை விட்டது. காவல் நிலையத்தில் ஒரு பெண் காவலர் இரக்கப்பட்டு, பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதியில் படுக்க வைத்திருக்கிறார். நேற்றுத் தூதரகம் போயிருக்கிறாள். நாளை மறுநாள் வருவாள்.

அடுத்து சொன்னதையும் எழுதுகிறேன். அவள் தாய் அமெரிக்காவிலிருந்து பேசினாராம். ஃபோன் அடித்தால் எடுக்காத வீட்டில் என் மகள் இருக்க வேண்டாம் என்றாராம். மாணவர் விடுதியில் இடம் பார்த்துவிட்டார்கள்.

அந்தத் தாய் சொன்னது நியாயம். நியெவெஸ் கூப்பிட்டு ஒருத்தி எடுக்காமல் கடலை தின்றுகொண்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? இதைவிட மோசமாகச் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 9, வியாழன்

வந்துவிட்டாள். மாணவர் விடுதிக்கு நேராகப் போனாளாம். ப்ரூக் சொல்லித்தான் தெரியும்.

நவம்பர் 11, சனி

பெட்டி எடுக்க வந்தாள். இளைத்துப்போயிருந்தாள். தொப்பி இல்லை.

கதவைத் திறந்ததும், "வணக்கம் சென்யோரா" என்றாள், முன்பின் தெரியாத அம்மணியைக் கூப்பிடுவது போல. இரண்டு மாதமாக ரெமே, ரெமே என்று வீடு முழுக்கக் கூவியவள். அந்த ஒரு சொல்லில் நான் வாசற்படிக்கு வெளியே போய்விட்டேன்.

நான் தயார் செய்து வைத்திருந்த பேச்செல்லாம் போன இடம் தெரியவில்லை. துணிகளை மடித்து வைத்திருப்பதாகச் சொன்னேன். காலுறைகள் ஜோடி சேர்த்திருப்பதாகச் சொன்னேன். கேட்கிற கேள்வியா இது என்று தெரிந்தே, "சாப்பிட்டியா?" என்றேன்.

அவள் சட்டைப்பையிலிருந்து என் கைக்குட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே செபமாலை.

"தூக்கினேன். ரெண்டு கையாலயும். ஆசீர் கிடைச்சிருச்சு."

"அத ஏன்மா இன்னும்... தூக்கிப் போட்டிருக்கலாமே."

"பையில வெச்சிருந்தா போயிருக்கும். கையில வெச்சிருந்தேன். கன்னியாஸ்திரிங்க விடுதியில தூக்கம் வரல. உங்க செபம் எனக்குத் தெரியாதே, மணிய மட்டும் எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன், அவள் அல்லவா அழவேண்டியவள். "நான் எடுத்திருந்தா என்ன கேட்டிருப்ப?" என்றேன்.

"தெரியல. உங்களால அங்க வந்து ஒண்ணும் செய்ய முடியாதுன்னு தெரியும். தெரிஞ்ச குரல் ஒண்ணு கேட்டா போதும்னு இருந்தது. நீங்க எடுக்கமாட்டீங்கன்னு சொன்னதே அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. என் தப்புதான்."

"உன் தப்பு இல்ல" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன், பக்கத்து அறையிலிருந்து ஃபெர்மின் எட்டிப் பார்த்தார். "உன் தப்பு இல்ல. காசு மிச்சம் பிடிக்கிற புத்தி எனக்கு எலும்புல ஊறியிருக்கு. அடிக்கிறது மணின்னுதான் பாத்தேன், அடிக்கிறது நீன்னு பாக்கல. என்னை மன்னிச்சிரும்மா."

ஃபெர்மின் பெட்டியைக் கீழே இறக்கிக் கொடுத்தார். படியில் இறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கோபமா, இல்லையா? எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பூசைப் புத்தகத்தை வைத்து எழுத்துக் கற்றவள் நான். முகங்களுக்கு அப்படிப் புத்தகம் ஏதும் இல்லையே.

நவம்பர் 14, செவ்வாய்

நியெவெஸ் வந்து செபமாலையை வாங்கிக்கொண்டாள். கையில் சுற்றிப் பார்த்தாள். "இது உன்னோடதுன்னு நினைச்சேன். இப்போ பாதி அவளோடது" என்றாள்.

நவம்பர் 17, வெள்ளி

அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. நடு அறைக்கு ஒரு ஜெர்மன் பையன் தயாராம். அடுத்த வெள்ளிக்குள் சரி என்று சொன்னால் அவனை அனுப்புவார்கள். அந்த வாடகைப் பணம் வேண்டும்தான், கணக்கு போட்டுப் பார்த்தால் மிகவும் வேண்டும். பிறகு சொல்கிறேன் என்றேன்.

"எதுக்குப் பிறகு?" என்றார் ஃபெர்மின்.

"எதுக்கோ."

நவம்பர் 19, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் கைப்பைக்குள் ஃபோன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். நியெவெஸ்.

"அம்மா! ஏன் எடுத்த? வீட்டுக்கு வந்து சேந்துட்டேன்னு மிஸ்டு கால் குடுத்தேன், அவ்வளவுதான். காசு போச்சு!"

"போகட்டும். எப்படி இருக்க? குழந்த உதைக்குதா?"

அந்தப் பக்கம் நியெவெஸ் சிரித்தாள். கால் மணி நேரம் பேசினோம். இந்த வாரம் இது நான்காவது. பெனிஞ்ஞா கூப்பிட்டபோதுகூட எடுத்துவிட்டேன். அவள் பயந்துபோய், "யாரு செத்தது?" என்று கேட்டாள்.

ஃபோன் அட்டை: இந்த மாதத்தில் இரண்டாவது தடவை காசு போட்டாயிற்று. இருக்கட்டும்.

மதியம் ஃபெர்மினைப் பக்கத்தில் உட்காரவைத்து, எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்தி, தெரேசாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். என் வாழ்நாளில் முதல் செய்தி. அதை இங்கே படி எடுத்துவைக்கிறேன்:

"தெரேசா, நான் ரெமே. நடு அறையில் வேறு யாரையும் இன்னும் படுக்கவைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்துக்குச் சொல்லவேண்டும். உன் அம்மாவோடு பேசவேண்டுமானால் நான் பேசுகிறேன், ப்ரூக் மொழிபெயர்க்கட்டும். அறைக்கு வர மனமில்லை என்றால் வற்புறுத்தமாட்டேன். அடுத்த ஞாயிறு கொசிதோ, நியெவெஸும் வருகிறாள், உனக்கும் தட்டு வைக்கிறேன். ஒரு மணி அடித்து வெட்டிவிடாதே. அடி, நான் எடுப்பேன். வருகிறாயா இல்லையா, சீக்கிரம் பதில் சொல்."