கஜானன் தோற்ற ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வித்தியாவுக்கு,

அந்தக் குளிருக்குள் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நோய் நொடி இல்லாமல் இருக்கிறாய் என்று அம்மாளை நம்பித் தொடங்குகிறேன். நாங்களும் சுகம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உன் மச்சான் கஜானன் உயிரோடு இருக்கிறான். ஃபோனில் சொல்லப் போனால் அழுகைதான் முந்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன், தங்கச்சி பிரதீபா படமெடுத்து உனக்கு அனுப்புவாள்.

கஜானன் கொழும்புக்குப் போய் அந்த ரீவி வினாவிடைப் போட்டியின் எல்லாச் சுற்றையும் ஒரேயடியாகப் படம்பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தது உனக்குத் தெரியும். முடிவை வெளியில் சொல்லக்கூடாது என்று அவர்கள் சத்தியம் வாங்கியிருந்தார்கள், அவனும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் மயிலிட்டிச் சனத்தைத்தான் நீ அறிவாயே. கடலால் வந்தவன் பேசாமல் வலையைச் சுருட்டினால் நல்ல மீன் பட்டிருக்கிறது, கண்ணூறுக்குப் பயந்து மறைக்கிறான் என்பார்கள். வெறும் வள்ளத்தோடு வந்தவன்தான் கரை முழுக்கப் புலம்புவான். பெடியன் மூச்சு விடவில்லை என்றதும் உன் மாமா கந்தப்பு அவன் வென்றுவிட்டான் என்றே முடிவு கட்டிவிட்டார். ஞாயிறுதோறும் அவர் வீட்டு முற்றத்தில் ரீவியை வைத்து ஊரே பார்த்தது. முதல் கிழமை மட்டக்களப்பு வாத்தியார் ஒருவரை வென்றான், உந்த வாத்தியிட்டைப் படிச்ச பிள்ளையளின்ரை கதி என்ன என்று சிரித்து உருண்டார்கள். அடுத்த கிழமை வங்கியில் வேலை செய்கிற பெட்டையையும், அதற்கடுத்த கிழமை ஒரு சட்டக்காரரையும் வென்றான். கேள்வி முடிய முன்னமே மணியை அடிப்பான், அடித்துவிட்டு வெட்கத்தில் குனிவான். கடைசிச் சுற்றுக்கு மாமா பந்தல் போட்டார், ஒலிபெருக்கி கட்டினார், வெடி வாங்கினார். கடற்தொழிலாளர் சங்கத்துத் தலைவர் றஞ்சித் மட்டும், முடிவைப் பாத்திட்டுப் பந்தலைப் போடன் கந்தப்பு என்றாராம். உனக்குப் பொறாமையடா, என்ரை மோன் வெண்ட உடன உன்ரை வாசலிலைதான் முதல் வெடி என்று மாமா எல்லாருக்கும் கேட்கச் சொல்லியிருக்கிறார்.

அன்று கஜானன் அங்கே இருக்கவில்லை. பின்னேரமே எங்கள் வீட்டுக்கு வந்து, மாமி, நான் உங்களோடை இருந்து பாக்கிறன் என்றான். அவன் முகத்தைப் பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. கடைசிக்கு முதல் கேள்வியில் உதவிக்கு ஒருவரை அழைக்கலாம் என்றார்கள். அவன் உனக்குத்தான் ஃபோன் எடுத்தான், ரீவிக்குள்ளிருந்து உன் குரல் வந்தது. சூரியனைச் சுற்றுவதைவிடத் தன்னைத் தானே சுற்ற அதிக நாள் எடுக்கிற கோள் எது என்ற கேள்விக்கு, நீ சின்னக் குரலில் புதன் என்றாய். அவனும் புதன் என்றான். சரியான விடை வெள்ளியாம், அதோடு போட்டி கைவிட்டுப் போனது. அவன் சிரித்துக்கொண்டு, எனக்கும் வெள்ளி எண்டுதான் பட்டது மாமி, மச்சாள் எங்கடை குடும்பத்திலை முதல் முதல் கம்பசுக்குப் போனவ, உலகம் பாக்க அவவை வெட்டிப்போட்டு நான் வேறை சொல்லுறதோ என்றான். இதை அவன் குறையாகச் சொல்லவில்லை பிள்ளை. வேறு யாரும் திரித்துச் சொல்ல முன் நீ என்னிடமிருந்தே கேட்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அங்கே பந்தலில் றஞ்சித், வெடியைக் கொளுத்தன் கந்தப்பு, வாங்கின சாமான் வீணாப் போகப் போகுது என்றதும், மாமா கதிரையைத் தூக்கி அவர் தலையில் அடித்திருக்கிறார். நாலு பேர் விழுந்து பிடுங்க, ரீவியைக் காலால் உதைத்து உடைத்துவிட்டு, பந்தலுக்கு நட்ட கொட்டன் தடி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசல் படலையை உடைக்கிற சத்தம் கேட்டுத்தான் நான் வெளியில் வந்தேன். எங்கையடி உன்ரை மோள், வேணுமெண்டு பிழையாச் சொன்னவள், என்ரை பிள்ளை மேலை வாறது உங்களுக்குப் பொறுக்கேல்லை என்று கத்திக்கொண்டு கொட்டனை எனக்கு ஓங்கினார். அண்ணை, நான் மீனா, என்னைப் பாருங்கோ என்றேன். அவர் கண்ணில் நான் இல்லை. கஜானன் குறுக்கே பாய்ந்தான். அடி அவன் தாடையில் விழுந்தது. விறகு பிளக்கிற சத்தம். பல்லும் இரத்தமும் என் சட்டையில் தெறித்தது. மகன் என்று கண்டும் அவர் நிறுத்தவில்லை, விழுந்து கிடந்தவனின் தோளில் இன்னொரு முறை அடித்தார். மூன்றாம் முறை ஓங்கியபோது நான் குசினியில் தேங்காய் துருவுகிற திருவலையைத் தூக்கி என் அண்ணையின் முதுகில் அடித்தேன், அவர் முழந்தாளில் விழும் வரைக்கும் அடித்தேன். பிரதீபா கத்திய கத்தலில்தான் நிறுத்தினேன்.

பெடியனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மறுநாள் ஆஸ்பத்திரிக்கே பொலிஸ் வந்தது. அதற்குள் மாமா, றஞ்சித்தின் ஆட்கள்தான் என் மகனை அடித்தார்கள் என்று முறைப்பாடு கொடுத்துவிட்டார். சொந்தம் முழுக்க என்னைச் சுற்றி நின்று, ஓம் எண்டு மட்டும் சொல்லு மீனா, கூடப் பிறந்தவனைக் கம்பிக்குள்ளை தள்ளப்போறியோ என்றார்கள். கஜானன்கூடத் தகப்பனைப் பார்த்துவிட்டு, தான் விழுந்ததாகக் கையால் காட்டினான். நான் ஓம் என்றால் றஞ்சித்தின் மூன்று பெடியளும் உள்ளே போவார்கள், அவர்கள் வெளியில் வந்தால் வள்ளங்கள் எரியும், பிறகு யாருடைய பிள்ளை என்று பார்க்கமாட்டார்கள். நான் அண்ணைதான் அடித்தார் என்றேன். திருவலையால் நான் அடித்ததையும் சொன்னேன். மாமாவைக் கொண்டு போய்விட்டார்கள். ஜீப்பில் ஏறும்போது அவர் திரும்பி, நீ செத்தாலும் வரமாட்டன் என்றார். அன்றிலிருந்து கஜானனின் தாய் எங்கள் படலையைத் தாண்டுவதில்லை, நான் தோய்த்துக் கொடுத்துவிட்ட கஜானனின் உடுப்பையும் திருப்பி அனுப்பிவிட்டா. அழுகிறேன்தான், ஆனால் சொன்னதை மாற்றமாட்டேன்.

நீ ஓடி வராதே, படிப்பை முடி. தலைக்கு எண்ணெய் வை, தனியே இருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்காதே. அம்மாளின் காவல் உனக்கு என்றும் இருக்கட்டும், போகிற வழியெல்லாம் நல்ல மனிதர் முகத்தில் விழிப்பாய். ஒன்றை மட்டும் மறக்காதே, இதைப் பார்த்தவுடன் கஜானனுக்கு ஃபோன் எடு. தாடைக்குக் கம்பி கட்டியிருக்கிறது, அவனால் கதைக்க முடியாது. மன்னிப்புக் கேட்டு அழவேண்டாம், உன்னுடைய பனியையும் பஸ்ஸையும் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டிரு. பிரதீபா ஃபோனை அவன் காதில் வைத்துப் பிடிப்பாள்.

இப்படிக்கு
உன்மேல் ஒரு குறையும் நினையாத அம்மா
மீனாம்பிகை