முதல் வெள்ளிக்கிழமைப் பால்

மைசூர், 1936 ஜூலை 20, திங்கள்

பெங்களூரில் இருக்கும் தம்பி சொன்னபடியே நர்ஸை அனுப்பிவிட்டான். பெயர் ஜெசிந்தா. மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவளாம். அப்பா பக்கவாதம் வந்து படுத்து மூன்று வருஷம். குளிப்பாட்டியது, ஊட்டியது, பீ மூத்திரம் அள்ளியது எல்லாம் நான். முதுகில் ஒரு புண் வந்ததும் சம்பளத்துக்கு ஒருத்தி! "உனக்கும் ஓய்வு வேணுமே அக்கா" என்று எழுதியிருக்கிறான். நான் கேட்டேனா?

ஜூலை 23

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள். தூங்குகிற மனுஷரை எழுப்பலாமா என்று கேட்டேன். "புரட்டாமத்தான் அக்கா புண்ணு வந்துச்சு" என்றாள், சிரித்துக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜூலை 29

புண் ஆறி வருகிறது. நான் சந்தோஷப்பட வேண்டியவள்தானே?

ஆகஸ்ட் 2

கூடத்தில் இருந்தபடி கேட்டேன். "கஞ்சியில உப்பே இல்ல ஜெசி" என்கிறார் அப்பா. ஜெசியாம்! நான் ஊட்டிய கஞ்சியில் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அது எனக்கு எவ்வளவு பெருமை! இப்போது அவளிடம் உரிமையாகக் குறை சொல்கிறார். வயிறு எரிகிறது. ஆமாம், பொறாமைதான். எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 7, முதல் வெள்ளி

மாதத்தின் முதல் வெள்ளியன்று மாதா கோயில் சாமியார் வீட்டுக்கே வந்து அப்பாவின் நாக்கில் திவ்ய அப்பம் வைத்து நன்மை கொடுப்பார். நன்மை வாங்குகிறவர்கள் முந்தின நடு ராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. மூன்று வருஷமாக நான் ஒரு சொட்டு கொடுத்ததில்லை. இன்று விடியற்காலை ஜெசிந்தா மருந்தோடு பால் கொடுப்பதைப் பார்த்தேன். தடுத்திருக்கலாம். மாட்டிக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

சாமியார் வந்ததும் சொன்னேன்: "சாமி, இவ பால் குடுத்துட்டா. அப்பா இன்னிக்கு நன்மை வாங்க முடியாது." அப்பாவின் முகம் வாடிவிட்டது.

சாமியார் சாதாரணமாகச் சொன்னார்: "மாசக்கணக்கா படுத்திருக்கிறவங்களுக்கு மருந்தும் பாலும் தடையில்லையேம்மா. ஆஸ்பத்திரியில அப்படித்தானே குடுக்குறோம். தெரியாதா உனக்கு?"

தெரியாது. நான் கேட்டதே இல்லை. ஜெசிந்தா அப்பா நன்மை வாங்கத் தோதாகத் தலையணையை நிமிர்த்தி வைத்தாள். அதுதான் இன்னும் சுட்டது.

ஆகஸ்ட் 8

"முதல் வெள்ளியன்னிக்கெல்லாம் தாகமா இருந்துச்சாப்பா?"

"நாக்கு ஒட்டிக்கும்."

"ஏன் சொல்லல?"

"நீயே ஒண்டியா கஷ்டப்படுற. உங்கிட்ட என்னத்தக் கேக்குறது கண்ணு?"

அவளிடம் கேட்க முடிகிறது. என்னிடம் மூன்று வருஷம் பொறுத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அய்யோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்.

செப்டம்பர் 4, முதல் வெள்ளி

ஜெசிந்தா இன்னும் ஆறு மாதம் இருக்கட்டும் என்று தம்பிக்கு நானே எழுதிவிட்டேன். அவளைப் பிடித்துவிட்டது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

காலையில் பாலை நான் கொண்டுபோனேன். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன கண்ணு, ஆறிப்போச்சே. சூடு பண்ணிக் கொண்டா."

அடுப்பங்கரைக்கு ஓடினேன். அவர் என்னைக் கடிந்துகொண்டது ஜெசிந்தாவின் காதில் விழுந்திருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.