மேகமும் மற்ற மூன்று குதிரைகளும்

ஆம்பூர்,
புதன்கிழமை மதியம்.

அன்புள்ள ரெனிட்டாவுக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் இரண்டு பேரும் நலம். எப்படி என்று கேட்டால் அப்பா கர்த்தருடைய கிருபை என்பார், நான் மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறோம் என்பேன், எதுவானாலும் நலமாகத்தான் இருக்கிறோம். நீயும் அயர்லாந்துக் குளிரில், ஷிப்ட் மாறி மாறிப் பார்க்கும் வேலையில், உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை போனில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் சர்ச்சில் பாட்டுக் குழுவில் இருக்கிற மெர்சி உன் மருத்துவமனைக்கே வேலைக்கு வருகிறாள், வெள்ளிக்கிழமை புறப்படுகிறாள். பருப்புப் பொடி, நெல்லிக்காய் ஊறுகாய், உன் பழைய சால்வை இதோடு இந்தக் கடிதமும் அவள் பெட்டியில் வரும். ஆனால் இது மெர்சி வருகிறாள் என்பதற்காக எழுதுகிற கடிதம் இல்லை. காரணத்தை ஒளிக்காமல் கீழே சொல்கிறேன்.

இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்ததால் மாசி பிறந்தும் பாலாற்றில் ஒரு ஓரமாகத் தண்ணீர் ஓடுகிறது. விடியும்போது ஆற்றிலிருந்து பனி எழுந்து நம் பின்புறம் முழுவதும் நிறைந்துவிடுகிறது, கொட்டகை தெரியாது, மதில் தெரியாது, தோல் பதனிடும் டேனரிகளின் புகைக்குழாய்கள்கூடத் தெரியாது. காப்பியோடு பின்படியில் நின்றால் குதிரைகள் காற்றில் நிற்பதுபோல் இருக்கும், முதலில் ஒரு காது, பிறகு ஒரு முதுகு, பிறகு மூச்சு விடுகிற சத்தம். கல்யாண ஊர்வலத்துக்குப் போய் வந்த பேகம் நின்றபடியே தூங்கும். கலவை ஊரிலிருந்து வாங்கி வந்த சிட்டு அதன் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கும். கிழட்டு ஜமேதார் கொஞ்சம் தள்ளி. நான் எதையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும், ஆனால் அந்த அரைமணி நேரம் இது ஆம்பூர்தானா என்று எனக்கே சந்தேகம் வரும். ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அமீர் பாஷா பாய்க்குக் குதிரைகளைக் கட்ட இடம் இல்லை என்றதும் உன் அப்பா இந்த அறுபது சென்ட்டைக் கொடுத்தபோது எவ்வளவு சண்டை போட்டேன். இப்போது அந்தப் பனியில் குதிரைகள் இல்லாவிட்டால் காலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

மேகத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பேகம் அவனை ஈன்றபோது நீ நர்சிங் இரண்டாம் வருஷம், மழையில் நனைந்துகொண்டு வைக்கோலால் அவனைத் துடைத்துவிட்டாய், இவன் பாப்பாவுக்குத்தான் என்று பாய் அன்றைக்கே சொல்லிவிட்டார். அவனுக்கு இப்போது நாலு வயது முடிந்துவிட்டது. நீ பார்த்த குட்டி இல்லை, கழுத்து தடித்து, நடந்தால் தரை அதிர்கிற வெள்ளை ஆண் குதிரை. விமானம் ஏறுகிற அன்று கொட்டகையில் நின்று, நான் வருகிறவரைக்கும் இவனைக் காயடிக்க விடாதே அம்மா, வாக்குக் கொடு என்று கேட்டாய், கொடுத்தேன். போன மழைக்காலத்திலிருந்தே அவன் போக்கு மாறிவிட்டது. தலையைத் தரையோடு தாழ்த்திக்கொண்டு சிட்டுவையும் பேகத்தையும் மூலைக்கு ஓட்டுவான், ஜமேதார் தீவனத் தொட்டிப் பக்கம் வந்தால் பிடரியில் கடிப்பான். ஜமேதார் கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கற்றுக்கொண்டது. காட்டுக் குதிரைக் கூட்டத்தில் ஒரு ஆணும் சுற்றிலும் பெண் குதிரைகளும் நிம்மதியாக மேய்கிற வீடியோவை நீ அனுப்பியிருந்தாய். அது உண்மைதான், மறுக்கவில்லை. அந்த வெளியில் சண்டையில் தோற்றவன் ஓடிப்போக நாலு மைல் இருக்கிறது. இங்கே நாலு பக்கமும் மதில்.

பாய் பொங்கலுக்கு முன்பே சொன்னார். அம்மா, இது நம்ம இடத்துக்கு ஜாஸ்தி, டாக்டர வரச்சொல்லி காயடிச்சு முடிச்சுடலாம், வயசாவ வயசாவ பேஜாருதான் என்றார். நான் வாக்கைச் சொல்லாமல், பிரித்து வைத்துப் பார்ப்போம் பாய் என்றேன். ஆற்றோரக் கடைசியில், பக்கத்து டேனரியின் பின்மதிலை ஒட்டி மேகத்துக்குத் தனிக் கொட்டகை போட்டோம், மற்றவை கண்ணில் படாமல் தார்ப்பாய் கட்டினோம். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய லேபில் இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊர் நாற்றத்தை அளந்துகொண்டிருக்கிறேன், டேனரிக் கழிவிலிருந்து வருகிற ஹைட்ரஜன் சல்பைடு மூக்கை எப்படி மரத்துப்போகச் செய்யும் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவளும் நான்தான். சென்னையிலிருந்து சித்தி வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குகிறாள், நமக்கு ஒன்றுமே தெரிவதில்லை. இந்தக் காற்றில் ஒரு பெண் குதிரை பருவத்துக்கு வந்த வாசம் இருநூறு அடி தள்ளிப் போய்ச் சேராது என்று கணக்குப் போட்டேன். பாய் சிரித்தார். இன்னாம்மா, உங்க மூக்கு செத்துப்போச்சுன்னா குதிர மூக்கும் செத்துப்போச்சா என்றார். படித்தவள் என்ற திமிரில் நான் தார்ப்பாயை இன்னும் இழுத்துக் கட்டச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

போன மாதம் ஒரு காலையில் அதே பனி. நான் பின்படியில் நின்றேன். தார்ப்பாய்க்கு மேலே மேகத்தின் தலை மட்டும் தெரிந்தது. கழுத்தை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டி, பல் தெரிய வானத்தைப் பார்த்து அசையாமல் நின்றான், எங்கோ தூரத்தில் பாடுகிற பாட்டைக் கேட்கிறவன்போல. பருவத்துக்கு வந்த சிட்டுவின் வாசத்தைப் பிடிக்கிறான் என்று தோன்றாமல், அழகாக இருக்கிறது என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன், அதுதான் என்னை நானே மன்னிக்காத இடம். அந்த நேரம் பாய் சிட்டுவை நடக்கவிடக் கேட்டைத் திறந்து கயிற்றோடு கிளம்பிக்கொண்டிருந்தார். மேகத்தின் கொட்டகை வாசலில் மூங்கில் குறுக்குத்தடி முறிகிற சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு எனக்கு எந்தச் சத்தமும் நினைவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து இன்னொரு வெள்ளை பெரிதாகிக்கொண்டே வந்தது. சிட்டு இரண்டு பின்னங்கால்களாலும் உதைத்தது, அவன் விலகினான், பாய் கயிற்றோடு மதிலில் போய் மோதினார். கயிற்றை விட்டிருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் கேட் திறந்திருந்தது, பள்ளிக்கூட வேன்கள் போகிற நேரம், சிட்டு ரோட்டுக்கு ஓடியிருக்கும். அவர் விடவில்லை.

வலது தோள் எலும்பு இரண்டாக உடைந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள், இன்னும் இரண்டு மாதம் எதையும் தூக்கக் கூடாது. பழையபடி கை மேலே எழும்பும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. அறுபத்தொரு வயது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் சொன்ன முதல் பேச்சு, பாப்பா கிட்ட சொல்லாதீங்கம்மா, பாப்பா நம்மள நம்பி வுட்டுட்டுப் போச்சு, நான் சரியா காவந்து பண்ணலன்னு நெனைக்கும் என்பது. அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை நீ மேகத்தைக் காட்டச் சொன்னபோது போனில் சார்ஜ் இல்லை என்றேன். சார்ஜ் இருந்தது.

இதற்குமேல் என்ன செய்வது என்று உன் அப்பாவும் நானும் பேசினோம். வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்கிற இஷ்தியாக் அகமது சாகிபு மேகத்தைக் கேட்டிருந்தார். அப்பா என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, நீ காயடிக்க மாட்டேன்னுதான வாக்குக் குடுத்த, விக்க மாட்டேன்னு குடுக்கலியே என்றார். சர்ச் கமிட்டியில் இத்தனை வருஷம் இருந்தால் இப்படித்தான் பேச வரும். சரி, பார்த்துவிட்டு வருவோம் என்று நான் ஒருத்தியே பஸ் ஏறிப் போனேன். மரியாதையான மனிதர், டீ வரவழைத்து, தானே கூட வந்து காட்டினார். மூன்று ஆண் குதிரைகள், மூன்றுக்கும் தனித்தனி அறை, முன்கால் இரண்டும் பின்கால் இரண்டும் முளையில் கட்டப்பட்டிருந்தன. கண்ணாடிபோல் பளபளக்கிற உடம்பு. மதிய வெயில் ஜன்னல் வழியாக நீளமாக விழுந்திருந்தது. ஒன்று கனைத்தது, கனைத்துவிட்டுக் காதை நிமிர்த்திக் காத்திருந்தது, கொஞ்சம் பொறுத்து அடுத்த அறையிலிருந்து மற்றொன்று. ஒன்றை ஒன்று அவை பார்த்ததே இல்லையாம். இதுங்கள சேத்து வெக்க முடியாது மேடம், ராஜான்னா தனியாத்தான் இருக்கணும், உங்க குதிரையும் ராஜா மாதிரி இருக்கும் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நம் ஆற்றோரக் கொட்டகையில் மேகம் இப்போது இருப்பதும் அதே வாழ்க்கைதான், பளபளப்பு மட்டும் கம்மி. திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ் ஜன்னலில் அந்தக் காதுகள்தான் தெரிந்தன. முழுசாக இருந்து தனியாக நிற்பதா, கூட்டத்தில் ஒன்றாக நிற்பதா என்று அவனிடம் கேட்க வழியில்லை. பேகத்தின் பக்கத்தில் அவன் குட்டியாகப் படுத்துக் கிடந்த மத்தியானங்களை மட்டும்தான் நான் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடிந்தது. நீ அங்கே தனியாகச் சாப்பிடுவது எனக்குத் தெரியும், அதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை.

நாளை வியாழக்கிழமை காலை கால்நடை டாக்டர் வருகிறார். மயக்க ஊசி போட்டுச் செய்கிற வேலை, ஒரு மணி நேரம்கூட ஆகாது, புண் ஆற மூன்று வாரம். உடனே குணம் மாறிவிடாது, இரண்டு மாதமாவது பிரித்தே வையுங்கள், அதற்குப் பிறகு மெல்ல மெல்ல மற்றவற்றோடு விடலாம் என்றார். நாலு வயது ஆகிவிட்டதால் சில பழக்கம் போகாமலும் இருக்கலாம் என்றார், அதையும் மறைக்கவில்லை. இப்போது காரணத்தைச் சொல்கிறேன். போனில் கேட்டிருந்தால் நீ அழுதிருப்பாய், அழுதால் நான் இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்றிருப்பேன், அந்த ஒரு மாதத்தில் யாருடைய எலும்பு உடையும் என்று எனக்குத் தெரியாது. அப்படி இல்லாமல் நீ சரி என்று சொல்லியிருந்தாலும், கடைசிவரை அது உன் வாயிலிருந்து வந்த சரியாக இருந்திருக்கும். வாக்குக் கொடுத்தவள் நான், முறித்தவளும் நான் மட்டுமாக இருக்கட்டும். மெர்சி உன் கையில் இதைக் கொடுக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். உன்னிடம் கேட்கவில்லை, அதனால் யாரும் உன்னைக் கேள்வி கேட்கவும் முடியாது. கோபம் இருந்தால் என்னிடம் மட்டும் வைத்துக்கொள், எத்தனை நாள் வேண்டுமானாலும்.

உன் அப்பா ஜெபத்தில் உன் பெயரைச் சொல்லாமல் தூங்குவதில்லை, அந்த ஆசீர்வாதம் உன்னோடு இருக்கட்டும், என்னுடையதும் அதோடு சேரட்டும். மெர்சிக்கு அந்த ஊர் பழகும்வரை கூட இரு. அமீர் பாஷா பாய்க்கு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போன் பண்ணு. மதியம் தொழுகை முடிந்து வீட்டில்தான் இருப்பார், இடது கையால் போனை எடுக்க நேரமாகும், வைத்துவிடாதே. முதலில் தோளைப் பற்றிக் கேள், குதிரையைப் பற்றி அவராகச் சொல்லட்டும்.

உன் அம்மா,
ஜெயபுஷ்பம் சுந்தர்ராஜ்