நாற்காலியில் இருந்தால் ஜாமீன் இல்லை

அன்புள்ள குட்டிக்கு அம்மா எழுதுவது,

நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன், இல்லையென்றால் சொல்லிவிடு. இங்கே எல்லோரும் நலம், உங்கப்பாவின் முழங்காலையும் என் மண்டையையும் தவிர.

நம் தெருக் கடன் சங்கக் குழுவில் பெண்களும் வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லப்போய், ஐந்து நாற்காலியில் ஒன்று எனக்கு, ஒன்று ரிட்டயர்டு நர்ஸுக்கு என்று ஆனது தெரியும் இல்லையா. எனக்கு வட்டிக் கணக்கு வராது, பிஸ்கட் கணக்கு நன்றாக வரும். ஆனாலும் நாங்கள் உட்கார்ந்த பிறகுதான் பெண்கள் தைரியமாகக் கடன் கேட்டு வருகிறார்கள். வந்து என்ன, ஜாமீன் யாரும்மா என்று தலைவர் கேட்டதும் திரும்பிப் போகிறார்கள். சொந்த வீடு உள்ளவர்தான் ஜாமீன் நிற்கலாம், தெருவில் வீடெல்லாம் ஆம்பிளைகள் பேரில். கோடிவீட்டுத் தையல்காரி மோட்டார் மெஷின் வாங்கக் கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் காத்திருக்கிறது, இந்தக் கூட்டத்தில் பணம் கிடைக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். புருஷனும் இல்லை, கொழுந்தன் நிற்க மாட்டானாம். பதிவு ஆபீஸ் வரிசையில் நிற்க உங்கப்பாவுக்குப் பொறுமை இல்லாத புண்ணியத்தில் நம் வீடு என் பேரில் இருக்கிறதே, நான் நிற்கிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். குழுவில் இருப்பவர் ஜாமீன் நிற்கக் கூடாதும்மா என்று தலைவர் சிரிக்கிறார். அப்படியானால் நாற்காலியை விடுகிறேன் என்றால் நர்ஸ் தொடையில் கிள்ளுகிறாள். நாங்களும் குழுவில் இருக்கும் மளிகைக்காரரும் சேர்ந்தால்தான் மூன்று கை, நான் எழுந்தால் தலைவரின் மச்சினி வந்து உட்காருவாள், அவர் சொன்னால்தான் கை தூக்குவாள், அப்புறம் ஜாமீனை வைத்துக்கொண்டு என்ன செய்வதாம்.

உங்கப்பா, இதென்ன பிரமாதம், வீட்டை என் பேருக்கு மாற்று, நான் ஜாமீன், நீ கை தூக்கு என்கிறார். புருஷன் நிற்கலாமாம், அதற்குத் தடை இல்லையாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்புறம் இந்தத் தெருவில் ஒரு பெண் பேரிலும் வீடு இருக்காதே, இது முன்னேற்றமா பின்னேற்றமா? நேற்றுத் தையல்காரியே வந்து, அக்கா, எனக்காக வீட்டை எழுதிக் கொடுத்துடாதீங்க, என் கொழுந்தன்கிட்ட நானும் சும்மா பேருக்குத்தான் எழுதிக் கொடுத்தேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை கூட்டம். அதற்குள் போன் செய், உங்கப்பா எடுத்தால் மழையைப் பற்றிப் பேசு. வேளைக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, நூறு வருஷம் நன்றாக இரு. உன் பேரில் எது இருக்கிறதோ அது உன் பேரிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒன்றும் புரியாத உன் அம்மா