புள்ளி இல்லாத வார்த்தை

பசியாவரம்
தாரண வருஷம், தை மாதம் ஐந்தாம் நாள்

சிரஞ்சீவி சிங்காரத்துக்கு உன் நைனா நாகப்பன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவிப்பது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் பெண்சாதி கஸ்தூரியும் அம்மன் புண்ணியத்தில் உயிரும் உடம்புமாக இருக்கிறோம், நீ இருக்கிறாயா என்பதை மட்டும் தெரியப்படுத்தவும். இந்த முதல் வரியைச் சொன்னதுமே எழுதுகிறவன் இறகைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டான். யார் என்று கேட்பாய், கோட்டைக்குள் ஒல்லாந்தர் துணிக் கிடங்கில் எழுத்து வேலை பார்க்கிறானே அந்தத் தானியேல்தான். சிரஞ்சீவி என்று போடலாமா, இல்லை பேரை மட்டும் போட்டுவிடட்டுமா என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். போடு என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு மையை இரண்டு தரம் தொட்டான்.

உனக்குத் தலையும் புரியாது காலும் புரியாது, அதனால் முதலிலிருந்து சொல்லுகிறேன். நீயும் பூபதியும் கொழும்புவரைதான் என்று சொல்லிக் கப்பல் ஏறி இந்த மாசியோடு மூன்று வருஷம். அங்கிருந்து உங்களை ஒல்லாந்துக்கே கூட்டிப்போய்விட்டார்கள் என்று பிறகு யாரோ சொல்லக் கேள்விப்பட்டோம். அப்புறம் ஒரு சேதியும் இல்லை. போன கார்த்திகையில் கோட்டைக்கு வந்த கப்பலில் பூபதி எழுதின கடுதாசி வந்தது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, நம் வீட்டுக்குத்தான் எழுதியிருந்தான். சந்தோஷத்தில் உன் அம்மா அதைப் படிக்கக் கொடுக்குமுன்னே சாமி மாடத்தில் வைத்துக் கும்பிட்டுவிட்டாள். ஆனால் அந்தக் கடுதாசியில் முக்கால் வாசி பூபதியின் வயிற்றுச் சங்கதி. ரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை, வெண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை, கஞ்சி கிடைக்கவில்லை என்றே ஒரு பக்கம் ஓடியது. கடைசியில் இரண்டு வரி உன்னைப் பற்றி இருந்தது. எனக்கு அது மனப்பாடம். சிங்காரத்துக்கு இருமல் கண்டு பத்து நாள் படுக்கை. சிங்காரம் உப்புமீன் கிடங்கிலே செததாசசு. எல்லாம் துரையே பார்த்துக்கொண்டார். நல்ல இடமும் கிடைத்தது. இனி கவலை இல்லை. இவ்வளவுதான் அவன் எழுதியிருந்தது.

முதலில் தானியேல்தான் படித்தான். சிங்காரத்தை உப்புமீன் கிடங்கில் வேலைக்குச் சேத்தாச்சாம், தங்க இடமும் கிடைத்ததாம் என்றான். வாங்கிப்போன வெல்லத்தை அங்கேயே எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வந்தேன். என் சனியன், அதோடு விடாமல், வழியில் பார்த்த திருப்பாலைவனம் கோயில் கணக்கர் வேதாசலத்திடமும் கடுதாசியை நீட்டினேன், இன்னொரு தரம் வாயாரக் கேட்கலாமே என்ற ஆசைதான். அவர் படித்தார், பிறகு படிப்பதை நிறுத்தினார், என்னை உட்காரச் சொன்னார். அவர் படித்தது செத்தாச்சு என்று. துரையே காரியம் பார்த்தார், புதைக்க நல்ல இடமும் கிடைத்தது, இனி கவலை இல்லை. ஒரே வார்த்தை, ஒரே மை. காலையில் உனக்கு வேலை கிடைத்தது, மத்தியானம் நீ இல்லை.

மறுநாள் அவரையும் தானியேலையும் ஒரே பாயில் உட்காரவைத்தேன். கொம்பு போட்ட எழுத்தின்மேல் புள்ளி வைத்தால் அது குறில், வைக்காவிட்டால் நெடில், இங்கே புள்ளி இல்லை, ஆகையால் சேத்தாச்சுதான் என்றான் தானியேல். வேதாசலம் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. தம்பி, உன் ஆள் பக்கத்து எழுத்துக்கும் புள்ளி வைக்கவில்லை, கடுதாசி முழுக்க எங்கேயும் வைக்கவில்லை, ஊரில் யாரும்தான் வைப்பதில்லை, இல்லாத புள்ளியை வைத்து ஒருத்தனை எப்படிப் பிழைக்கவைப்பது என்று கேட்டார். வேலைக்குச் சேர்த்ததானால் சிங்காரத்தை என்றல்லவா எழுதியிருக்க வேண்டும், சிங்காரம் என்றல்லவா இருக்கிறது என்றும் கேட்டார். பூபதிக்கு அவ்வளவு இலக்கணம் தெரிந்தால் கப்பலில் ஏன் போகிறான் என்று தானியேல் சொன்னது என்னைத்தான் குத்தியது. ஏனென்றால் பூபதி கோட்டைப் பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம் உட்கார்ந்திருந்தபோது, வலை இழுக்க ஆள் போதவில்லை என்று அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவன் நான்தான். புள்ளி வைப்பதை நாலாம் மாதம்தான் சொல்லிக்கொடுப்பார்கள் போலிருக்கிறது.

உன் அம்மா இருசம்மாளைப் பற்றி என்ன எழுதச் சொல்ல. காலையில் அழுகிறாள், சாயங்காலம் உன்னைத் திட்டுகிறாள். இல்லாதவனை யாராவது இப்படித் திட்டுவார்களா என்று கேட்டால் மறுபடியும் அழுகிறாள். அந்த ஊரைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்லி எங்களைக் குழப்புகிறார்கள். கோட்டைச் சிப்பாய் ஒருவன் சொன்னானாம், அங்கே தரை கடலைவிடத் தாழ்வாம், கடல் மேலேயும் ஜனங்கள் கீழேயுமாக இருக்கிறார்களாம். குளிர்காலத்தில் ஏரி கல்லாக இறுகி, அதன்மேல் ஆணும் பெண்ணும் நடந்து போகிறார்களாம். அப்படியானால் மீன் எங்கே போகிறது, வலையை எங்கே போடுவது என்று கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை. உப்புமீனுக்குக்கூட அங்கே குடலை முழுசாக எடுக்காமல் ஏதோ ஒன்றை உள்ளேயே விட்டுவிட்டுப் பீப்பாயில் அடைக்கிறார்களாமே. நீ வேலையில் இருந்தால் அவர்கள் சொல்லுகிறபடியே செய், எங்கள் ஊரில் இப்படி இல்லை என்று வாயைத் திறக்காதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. உப்புத் தண்ணீரில் நின்ற காலை நல்ல தண்ணீரில் கழுவாமல் படுக்காதே. இருமல் என்று எழுதியிருந்ததே, நெஞ்சில் கம்பளி சுற்றிக்கொள். இப்படி நான் அடுக்கிக்கொண்டே போக, இதெல்லாம் எழுதவா என்று தானியேல் கேட்கிறான். எழுது, இருந்தால் கேட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இனிமேல்தான் விஷயம். மார்கழியில் நம் ஊரில் பாடு வைத்தார்கள். ஏரியில் எந்த வலை எந்த நாள் எந்த இடத்தில் விழ வேண்டும் என்று முறை வைக்க, கல்யாணமான ஆண்பிள்ளை ஒவ்வொருவன் பேரையும் ஊர் நாட்டார் கூப்பிடுவதும், அவனவன் எழுந்து இருக்கிறேன் என்று சொல்வதும் உனக்குத் தெரியாததா. வெளியூர் போனவனுக்கு வீட்டார் சொல்லலாம் என்பதால் போன இரண்டு வருஷமும் நான்தான் உனக்காகச் சொன்னேன். இந்தத் தரம் நாட்டார் உன் பேர் வந்ததும் கூப்பிடலாமா வேண்டாமா என்று பெரியவர்களைப் பார்த்தார். சாவு விழுந்த வீடு என்றால் தீட்டுக் கழிக்காமல் நான் வலையில் கை வைத்ததே தப்பு, அதனால்தான் இறால் குறைந்தது என்று பின்னால் ஒருத்தன் முனகினான். பிறகு கூப்பிட்டார்கள். சிங்காரம் என்றார்கள். சத்தியமாகச் சொல்லுகிறேன், எனக்கு வாய் வரவில்லை. பொய் சொன்னால் ஏரிக்கு ஆகாது, உண்மை எது என்று எனக்குத் தெரியாது. ஊரே என் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. அப்போது, பெண்பிள்ளைகள் பேசக் கூடாத அந்த இடத்தில், தூரத்தில் நின்ற கஸ்தூரி சொன்னாள்.

"கீறாரு. எழுத்து மேல புள்ளி இல்லன்னா உசுரோட கீறார்னுதானே அர்த்தம். அப்போ என் பொட்டு இருக்கட்டும்."

ஒருத்தரும் அவளை அதட்டவில்லை. நாட்டார் உன் பேரைச் சேர்த்துக்கொண்டு, அடுத்த மார்கழிக்குள் சேதி வர வேண்டும், இல்லாவிட்டால் பேரை எடுத்துவிட்டு முறைப்படி காரியம் செய்துவிட வேண்டும் என்றார். கப்பல் போகவே பத்து மாதம், வர இன்னொரு பத்து மாதம், கப்பலுக்கு இறக்கையா இருக்கிறது என்று நான் சண்டை பிடித்து, அதற்கும் அடுத்த மார்கழி என்று வாங்கியிருக்கிறேன்.

ஆனால் மறு வாரமே தோணிரேவிலிருந்து கஸ்தூரியின் அண்ணன் மாரி வந்தான். அவன்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. நம் ஜனத்தில் இரண்டாம் தாலி உண்டு, தங்கச்சிக்கு வயது பத்தொன்பது, அவளைக் கேட்டு ஒரு நல்ல மனுஷன் வந்திருக்கிறான், செத்தானா இருக்கிறானா என்று தெரியாத ஒருத்தனுக்காக எத்தனை வருஷம் உட்காரவைப்பது என்று மரியாதையாகத்தான் கேட்டான். அவள் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு நண்டு பிடிக்க இறங்கிவிட்டாள். மாரி என்னைப் பார்த்தான். நீங்கள் ஒரு வார்த்தை போ என்று சொன்னால் போய்விடுவாள் மாமா என்றான். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று உன்னிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் அவள் பொட்டு வைத்துக்கொண்டு வெளியே வரும்போதுதான் எனக்கு நீ உயிரோடு இருக்கிறாய். அவள் தோணிரேவுக்குத் தோணி ஏறினால் அன்றைக்கே நீ செத்துவிடுவாய். என் நிம்மதிக்காக அந்தப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கிறேன், இது நியாயமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் ஒன்று. சில நாள் ஏரி நடுவில் தனியாக இருக்கும்போது, செத்தாச்சு என்றே இருந்துவிட்டால் எல்லாரும் ஒரு தரம் அழுது முடித்துவிடலாமே என்று தோன்றுகிறது. தோன்றின கையோடு என் வாயில் நானே அடித்துக்கொள்ளுகிறேன். ஒரு தகப்பன் நினைக்கக் கூடியதா இது.

ஆகையால் நீ இருந்தால் இந்தக் கடுதாசி கண்டதும் பதில் எழுதச் சொல். ஊருக்கு வந்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேலை நன்றாக இருந்து, துரை நல்லவனாக இருந்தால் அங்கேயே இரு. அங்கே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டிருந்தாலும் எழுது, திட்டமாட்டேன். இல்லை, திட்டுவேன், ஆனாலும் எழுது, கஸ்தூரிக்கு வழி தெரியட்டும். எழுதும்போது சேர்த்தார்கள், சேர்ந்தேன் என்ற பேச்சே வேண்டாம். 'உயிரோடு இருக்கிறேன்' என்று எழுதச் சொல். தானியேலும் வேதாசலமும் அரை நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டார்கள், புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதை வேறு மாதிரிப் படிக்க முடியவில்லையாம். தெற்கே பாதிரிமார்கள் நெடிலுக்குக் கொம்பின் தலையில் புதுசாக ஒரு சுழி போடுகிறார்களாம், தானியேல் இதில் அப்படித்தான் போட்டிருக்கிறான். புள்ளி ஒன்று விடாமல் வைக்கச் சொல்லியிருக்கிறேன், அதனால் காகிதம் மிளகு கொட்டினாற்போல இருக்கும், பயப்பட வேண்டாம்.

இனி வருவது பூபதிக்கு. பூபதி, சிங்காரத்துக்கு எழுத்து வராது, இதைப் பிரித்துப் படிப்பது நீதான் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு நேரம் நீ வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தாயா, கண்ணாலேயே படித்துக்கொண்டு வந்தாயா? வாய்விட்டுப் படித்திருந்தால் உன் பக்கத்தில் ஒருத்தன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான், அவன் தலையில் என் பேரைச் சொல்லி ஒரு குட்டு வை. கண்ணாலேயே படித்திருந்தால், என் அப்பனே, எனக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம். எந்தக் கப்பல் கிடைக்கிறதோ அதில் ஏறி வந்துவிடு. வந்து கஸ்தூரி முன்னால் நின்று உன் வாயால் சொல். அந்தக் குளிரில் அவனைப் புதைத்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நீ தனியாக இருக்க வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு இடம் இருக்கிறது.

அம்மன் காப்பாற்றட்டும். ஆயுசு கெட்டியாக, கை கால் சுகமாக, போன கடலெல்லாம் வழிவிட, நன்றாக இருக்க வேண்டும். ஒருவராக இருந்தாலும் இருவராக இருந்தாலும் ஈரத் துணியோடு படுக்க வேண்டாம், மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நைனா
நாகப்பன் கைநாட்டு