வளைமடுவைத் தூர்த்தது நீதான்

அன்புள்ள மகள் சிவரஞ்சனிக்கு,

நானும் உன் ஆத்தாளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நெதர்லாந்தில் நீயும் அப்படியே இருப்பாய். நலம் விசாரித்தாயிற்று, இனிக் கோபமாகத்தான் எழுதப் போகிறேன். போனில் நான் வாயைத் திறந்ததும் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

வெள்ளாறு நேராக வெட்டிக்கொண்டு போனபோது விட்டுப்போன பழைய வளைவுதான் நம் வளைமடு என்று எனக்குச் சொன்னவளே நீதான். இப்படிப்பட்ட குதிரைக் குளம்பு ஏரிகளையெல்லாம் சாட்டிலைட் படத்தில் பார்த்து, பிறை போன்றது, வாய் குறுகிய லாடம், இரட்டை வளைவு என்று உன் ஆராய்ச்சி மேப்பில் பிரித்திருக்கிறாய். நம்முடையதை லாடத்தில் சேர்த்தாய், சரி. அதோடு நிறுத்தினாயா? தண்ணீர் உள்ளது, தூர்ந்தது என்று இன்னொரு தடவை பிரித்து, இதைத் தூர்ந்ததில் போட்டுவிட்டாய். அந்தப் படம் போன வைகாசியில் மீன்பிடித் திருவிழாவுக்கு மறுநாள் எடுத்தது. கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசி ஜனத்தை இறக்கிவிட்டதே நான்தான். பத்து ஊர்க்காரர்கள் ஊத்தாக் கூடையும் வலையுமாக இறங்கிக் கலக்கினால் மிச்சத் தண்ணீரும் சேறாகத்தான் கிடக்கும். தெரியாதவர்கள் எழுதியிருந்தால் விட்டுவிடுவேன், நீ அன்றைக்கு வீடியோவில் விரால் எவ்வளவு பெருசுப்பா என்று கேட்டுக்கொண்டிருந்தவள். ஐப்பசியில் மடு நிறைந்ததை ஆத்தா படமெடுத்து அனுப்பினாள், அதற்கும் ஒரு ஹார்ட் போட்டாய்.

இப்போது மனை போடுகிற பாலாஜி உன் மேப்பைச் செல்லில் காட்டி, ஒங்க மகளே தூந்துபோச்சுன்னு எழுதியிருக்குங்க, நீங்க ஏன் மல்லுக்கு நிக்கிறீங்க என்கிறான். கீழ்முனையில் கிராவல் கொட்டியாயிற்று. ஊர்க்கூட்டத்தில், உன் மகள் இப்படி எழுதிவிட்டாளே என்று என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் பொறுக்கவில்லை. உன்னிடம் சொன்னால், எல்லா ஏரிக்கும் அந்த மாதப் படம்தான் கணக்கு, அடுத்த வருசம் திருத்தலாம் என்கிறாய். அதற்குள் இங்கே வீடு எழும்பிவிடும். உன்னைப் படிக்க அனுப்பியதற்கு எனக்கு இது தேவைதான்.

சளி பிடித்தால் வெந்நீர் குடிக்கச் சொல்லி ஆத்தா எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். நீ நல்லா இரு, அதில் குறை வைக்க மாட்டேன். ஆனால் இந்த வாரமே அந்த வார்த்தையை அடித்துவிட்டு, மடுவில் தண்ணீர் இருக்கிறது என்று உன் பெயரிலேயே கலெக்டருக்கு எழுது. அதுவரை எனக்குப் போன் போடாதே. வைகாசிக்காகத் துண்டை வெளுத்து மடித்து வைத்திருக்கிறேன். அதை வீச மடு இல்லையென்றால், நீ ஊருக்கு வரும்போது உன்னைக் கூட்டிவர நான் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வரமாட்டேன்.

இப்படிக்கு,
இன்னமும் உன் அப்பா,
அழகுமலை