கடைக்காரன் சாப்பிடாத பிரியாணி

1961 செப்டம்பர் 4, திங்கள்
காலையில் தூறல். விறகெல்லாம் ஈரம், கடை முழுக்கப் புகை. பானையை மஸ்தானிடம் விட்டுவிட்டு டாக்டரிடம் போனேன். மஸ்தான் என் அத்தா காலத்திலிருந்தே நம் பிரியாணிக் கடை மாஸ்டர். அவன் இருந்தால் நான் வேண்டியதில்லை.
டாக்டர் மூத்திரத்தை ஒரு நீலத் தண்ணீரோடு கண்ணாடிக் குழாயில் காய்ச்சினார். செங்கல் நிறத்துக்கு வந்தது.
"சக்கரை ரொம்ப இருக்கு. எத்தனை நாளா இந்தத் தாகம்?"
நோன்புக்கு முன்னாலிருந்தே என்றேன்.
நிறுத்த வேண்டியது: பிரியாணி, நெய், டீயில் சீனி, உருளைக்கிழங்கு.
சாப்பிட வேண்டியது: கேப்பை, கம்பு, கீரை, பாகற்காய், புடலை, மோர்.
மாத்திரை இரு வேளை. தினமும் நடை.
"பிரியாணிக் கடைக்காரர்கிட்ட இதைச் சொல்ல எனக்கே சங்கடமா இருக்கு" என்றார். சிரிக்கவில்லை.

செப். 6, புதன்
வெயில். ஜுலைகா கேப்பைக் களியும் முருங்கைக்கீரையும் தூக்குவாளியில் கொடுத்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு மதியச் சாப்பாடு கட்டியதில்லை அவள். கடைச் சாப்பாடுதானே.
நம் கடையில் ஒரு வழக்கம். முதல் பானை திறந்ததும் முதலாளி முன்மேஜையில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கச் சாப்பிட வேண்டும். அத்தா ஆரம்பித்தது. இன்று அந்த மேஜை காலி. நான் பின்கட்டில் விறகுக்குப் பக்கத்தில் நின்றபடி களி விழுங்கினேன். ஓர் எட்டு வைத்தால் தம் போட்ட பானை. கண்ணில் தண்ணீர். புகையால் என்று மஸ்தான் நினைத்திருப்பான்.

செப். 11, திங்கள்
உடம்பு பரவாயில்லை. தாகம் குறைவு. இனிப் பல் குத்தக் குச்சி தேட வேண்டியதில்லை, கறி போலக் களி பல்லில் சிக்குவதில்லை.
கை கழுவும் இடத்தில் கேட்ட பேச்சு:
"பாய் இப்பல்லாம் தன் கடைச் சோத்தத் திங்கிறதில்லயாம்ல."
"கறி என்ன கறியோ."
மதியம் ரயிலடி ஆட்கள் யாரும் வரவில்லை. பானையில் மிச்சம். மஸ்தான் என் முகத்தையே பார்த்தான். வியாதி என்று சொல்லிவிடலாம். சொன்னால், பிரியாணி தின்றுதான் பாய்க்கு வியாதி வந்தது என்பார்கள். அதற்கு என்ன பதில்?

செப். 15, வெள்ளி
ஜும்ஆ முடிந்து கடையில் கூட்டம். முன்மேஜையில் உட்கார்ந்தேன். பிரியாணி, தட்டு நிறைய. எலும்பைக்கூட விடவில்லை. நமக்குச் சின்ன வெங்காயம் போடும் அகரத்துப் பெருமாள்சாமி எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இப்பத்தான் பாய் பாயா இருக்காரு" என்றார். வெட்கமாக இருந்தது. ருசியாகவும் இருந்தது.
வீட்டுத் தூக்குவாளியைத் திறக்காமலே நாய்க்குக் கொட்டச் சொல்லிவிட்டேன்.
சாயங்காலம் ஜுலைகா: "கீரைல உப்புச் சரியா இருந்துச்சா?"
"ம்."
"இன்னைக்குக் கீரை வெக்கலயே. பாவக்காயில்ல வச்சேன்."
வாளியைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏன் என்று கேட்டிருக்கலாம்.

செப். 20, புதன்
தினமும் முன்மேஜைதான். கூட்டம் திரும்பிவிட்டது. தாகமும். வலது கட்டைவிரலில் புதுச் செருப்புக் கடித்த புண், நீர் கோத்திருக்கிறது. ஜுலைகா மஞ்சள் வைத்துக் கட்டினாள். கட்டி முடித்துத்தான் வாயைத் திறந்தாள்.
"கடை தொறந்தது ஊரு திங்கிறதுக்கா, நீங்க திங்கிறதுக்கா?"
"நான் திங்கலன்னா ஊரு திங்காதுடி."
"அப்ப ஊருக்காகச் சாவீங்க."
புளி கரைக்க உள்ளே போய்விட்டாள். அரிசி ஆள் வரவில்லை. நாளை பார்க்க வேண்டும்.

செப். 25, திங்கள்
விரல் கறுத்துவிட்டது. நாற்றம். டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். சொன்னேன். நாளையே மதுரைக்குப் போகச் சொன்னார். "விரலோட நிக்குமான்னு அங்க அறுக்கறப்பதான் தெரியும்."
வீட்டில் ஜுலைகா துணி மடித்துக்கொண்டே: "விரலோட போயிருமா?"
"போயிரும்னாரு."
"அவரு சொன்னாரா, நீங்களாச் சொல்றீங்களா?"


அக்டோபர் 14, சனி
வீடு. மழை. மதுரையில் கட்டைவிரலும் பக்கத்து விரலும் போயின. அதோடு நின்றது, அல்ஹம்துலில்லாஹ். கால் இருக்கிறது.
இனித் தினமும் இன்சுலின் ஊசி. ஜுலைகா போடக் கற்றுக்கொண்டாள்.
வீட்டில் எல்லோருக்கும் கம்பஞ்சோறு, கீரை. மகள் மைமூன் முகத்தைச் சுளித்தாள்.
"அத்தாவுக்கு வியாதின்னா எங்களுக்கு எதுக்கு?"
"வராம இருக்கத்தான். தின்னு."

அக்டோபர் 16, திங்கள்
மைத்துனர் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனேன். முன்மேஜை. கூட்டம் இருக்கும்போதே தூக்குவாளியைத் திறந்து களியையும் புடலங்காய்க் கூட்டையும் தட்டில் வைத்தேன். மஸ்தான் கண்ணைக் காட்டினான், பின்னால் போகச் சொல்லி. போகவில்லை.
"என்ன பாய் இது?" பக்கத்து மேஜை.
"சக்கரை வியாதி. ரெண்டு வெரல் போச்சு. எனக்கு இனிமே இதுதான். பிரியாணி எப்பவும் போலத்தான் இருக்கு, சாப்புடுங்க."
இரண்டு பேர் பாதியில் எழுந்து போனார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார்கள். களியில் மோர் விட்டுப் பிசைந்தேன்.
பெருமாள்சாமி வெங்காயச் சாக்கை இறக்கிவிட்டும் கிளம்பாமல் நின்றார். மேஜைகள் காலியானதும் கிட்டே வந்தார்.
"பாய், அந்த டாக்டரு எம்புட்டு நேரம் இருப்பாரு?"
"யாருக்கு?"
வேட்டியைக் கொஞ்சம் தூக்கினார். இடது குதிகாலில் துணிச் சுற்று. அவிழ்த்துக் காட்டினார். குழி விழுந்திருந்தது. சுற்றிலும் கறுப்பு.
"எம்புட்டு நாளா இது?"
"நெனப்பில்ல பாய். வலிக்கல, அதான் விட்டுட்டேன்."
தட்டில் பாதிக் களி இருந்தது. மூடி வைத்துவிட்டு, மஸ்தானை ஜட்கா வண்டி கூப்பிடச் சொன்னேன்.